பள்ளி திறக்க மூன்று வாரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சின்னக் குழந்தைகளைப் பள்ளிக்குத் தயார்படுத்துவது பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்து இந்த முறை பதில் சொல்கிறோம். எழுத்து, எண் பற்றிய கேள்வியைப் பின்னால் தள்ளியிருக்கிறோம். முதல் மாதத்தில் குழந்தை திணறுவது பெரும்பாலும் எழுத்தில் அல்ல. தூக்கத்தில், கழிப்பறையில், திறக்காத டிபன் பாக்ஸில்.

என் மகளுக்கு நாலரை வயது. விடுமுறையில் இரவு 11 மணிக்குத் தூங்கி, காலை 9 மணிக்கு எழுகிறாள். பள்ளி திறந்ததும் 6.30-க்கு எழ வேண்டும். இப்போதே பழக்கலாம் என்று 8.30-க்குப் படுக்க வைத்தால், இரண்டு மணி நேரம் புரண்டு அழுகிறாள். என்னதான் செய்வது?

நீங்கள் படுக்கும் நேரத்தைப் பிடித்து இழுக்கிறீர்கள். இழுக்க வேண்டியது எழும் நேரத்தை. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய ஓரிரு மணி நேரத்தில் உடம்பு நன்றாக விழித்திருக்கும். அந்த நேரத்தில் விளக்கை அணைத்து ‘தூங்கு’ என்றால் பெரியவர்களுக்கே தூக்கம் வராது. நாலு நாள் இப்படி அழுதால், படுக்கை என்றாலே சண்டை என்று குழந்தை மனதில் பதிந்துவிடும்.

கணக்கு இப்படி. 3 முதல் 5 வயதுவரை ஒரு நாளைக்குத் தேவை 10 முதல் 13 மணி நேரத் தூக்கம், பகல் தூக்கத்தையும் சேர்த்து. 6 வயதுக்கு மேல் 9 முதல் 12 மணி நேரம். உங்கள் மகள் இப்போது 10 மணி நேரம் தூங்குகிறாள். 6.30-க்கு எழ வேண்டுமானால் 8.30-க்குள் தூங்கியிருக்க வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி இரண்டரை மணி நேரம், அதாவது 150 நிமிடம். இரண்டு நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் என்று நகர்த்தினால் 10 படி, 20 நாள். மூன்று வாரம் முன்பே தொடங்கச் சொல்வது இதனால்தான். பத்து நாள்தான் மீதி இருக்கிறது என்றால் தினமும் 15 நிமிடம் நகர்த்துங்கள். கொஞ்சம் சிணுங்கல் இருக்கும், ஆனால் முடியும்.

முதல் நாள் 8.45-க்கு எழுப்புங்கள். எழுந்த அரை மணி நேரத்துக்குள் வெளிச்சத்துக்குக் கூட்டிப் போங்கள். திரைச்சீலையை விலக்கினால் மட்டும் போதாது. மாடியிலோ வாசலிலோ 20 நிமிடம் விளையாடட்டும். உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தை முன்னுக்கு நகர்த்துவது அந்தக் காலை வெளிச்சம்தான். இரவில் அதற்கு நேர்மாறாக, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே டிவி, செல்போன் எல்லாம் நிறுத்தி, விளக்கைக் குறைத்துவிடுங்கள். பகலில் தூங்கும் பழக்கம் இருந்தால் மதியம் 3 மணிக்குள் எழுப்பிவிடுங்கள்.

படுத்த 20 நிமிடத்தில் தூங்கினால் சரியான வேகம். அரை மணிக்கு மேல் கொட்டக் கொட்ட விழித்திருந்தால் வேகம் அதிகம். அதே நேரத்தில் இன்னும் இரண்டு நாள் நில்லுங்கள். இதையெல்லாம் கெடுப்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான். ‘பாவம், தூங்கட்டும்’ என்று இரண்டு மணி நேரம் விட்டால், ஒரு வார உழைப்பு அந்த ஒரு காலையில் போய்விடும். அரை மணி நேரத்துக்கு மேல் சலுகை வேண்டாம்.

கடைசி வாரத்தில் இரண்டு நாளாவது முழு ஒத்திகை பாருங்கள்: எழுந்து, பல் தேய்த்து, உடை மாற்றி, சாப்பிட்டு, ஷூ போட்டு, பையோடு வாசலைத் தாண்டுவது வரை. கடிகாரத்தைப் பார்த்து எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் உதவாமல் விட்டால் எவ்வளவு ஆகிறதோ, அதுதான் உண்மையான நேரம். அதோடு 10 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

என் பேரனுக்கு மூன்றரை வயது. போன வருடம் விளையாட்டுப் பள்ளியில் பத்து நாள் ஓயாமல் அழுதான். அவன் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நைசாக நழுவி வந்துவிடுவேன். இந்த வருடமும் அப்படியே செய்யலாமா?

வேண்டாம், ஐயா. நழுவி வரும்போது அந்த ஐந்து நிமிட அழுகை நம் காதில் விழாது, அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தபோது தாத்தா இல்லை என்பதைப் பார்த்த குழந்தை, அடுத்த நாள் பொம்மையைத் தொடவே தொடாது; உங்கள் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். பத்து நாள் அழுகை நீண்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

சொல்லிவிட்டுப் போவதைப் பள்ளி திறக்கும் முன்பே வீட்டில் பழக்குங்கள். அவனுக்குப் பழக்கமான ஒருவரிடம் விட்டுவிட்டு, முதலில் 15 நிமிடம், பிறகு முக்கால் மணி, பிறகு இரண்டு மணி நேரம் என்று வெளியே போய் வாருங்கள். ஒவ்வொரு முறையும் ‘தாத்தா போயிட்டு வர்றேன்’ என்று சொல்லிப் போய், சொன்னபடி திரும்பி வர வேண்டும். இந்த வயதில் ‘12 மணிக்கு வருவேன்’ என்பதற்குப் பொருளே இல்லை. வரிசையாக நடப்பதைச் சொல்லுங்கள்: ‘விளையாடுவீங்க, சாப்பிடுவீங்க, கதை கேப்பீங்க, மணி அடிக்கும், தாத்தா வாசல்ல நிப்பேன்.’ முதல் இரண்டு வாரம் ஐந்து நிமிடம் முன்பே போய் நின்றுவிடுங்கள். மற்ற குழந்தைகள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு ஒரு குழந்தை தனியாக நிற்பது, அடுத்த நாள் காலை அழுகைக்கு விதை.

வாசலில் விடைபெறுவது ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும், தினமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு அணைப்பு, ஒரு வாக்கியம், ஒரு கையசைப்பு. குழந்தையைத் தரையில் நிறுத்திவிட்டு வராமல், டீச்சரின் கையில் அவன் கையைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அழுகைச் சத்தம் கேட்டால் திரும்பிப் போகக் கூடாது. போனால், ‘இன்னும் கொஞ்சம் சத்தமாக அழுதால் வருவார்’ என்பதைத்தான் அவன் கற்றுக்கொள்வான். மனசு கேட்கவில்லையா? 15 நிமிடம் கழித்துப் பள்ளிக்குப் போன் செய்து கேளுங்கள். அதற்குள் அழுகை அடங்கியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

‘அழாம இருந்தா சாக்லேட்’ என்று பேரம் வேண்டாம். அழுவது தப்பு என்றாகிவிடும். ‘அழுகை வந்தா டீச்சர்கிட்ட போய் உக்காந்துக்கோ’ என்பது, அவன் உண்மையிலேயே செய்யக்கூடிய ஒன்று. அதைவிட முக்கியமாக, சேட்டை செய்யும்போதெல்லாம் ‘இரு இரு, ஸ்கூல் திறக்கட்டும், டீச்சர்கிட்ட சொல்றேன்’ என்று மிரட்டுவதை வீட்டில் எல்லோரும் நிறுத்த வேண்டும். அந்த டீச்சரிடம்தான் நாளைக்கு அவனை ஒப்படைக்கப் போகிறோம்.

ஒரு எச்சரிக்கை. முதல் வாரம் சிரித்துக்கொண்டே போன குழந்தை இரண்டாவது வாரம் அழ ஆரம்பிப்பது உண்டு. புதுமை தீர்ந்து, இது தினமும் நடக்கப் போகிறது என்று புரிந்ததன் அடையாளம் அது. திங்கட்கிழமைகளிலும் அழுகை கூடும். நான்கு வாரம் தாண்டியும் குறையவில்லை, பள்ளி நாள் காலையில் மட்டும் வயிற்றுவலி, இரவில் தனியாகப் படுக்கப் பயம் என்று போனால், முதலில் ஆசிரியரிடமும் பிறகு குழந்தை மருத்துவரிடமும் பேசுங்கள்.

போன வருடம் முழுக்க டிபன் பாக்ஸ் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வந்தது. வீட்டில் அதே சாப்பாட்டை நன்றாகச் சாப்பிடுகிறான். ஐந்து வயது. அடம் என்று திட்டியும் பார்த்துவிட்டோம்.

திட்டுவதற்கு முன் அவனால் அந்தப் பெட்டியைத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். ‘வீட்டில் திறக்கிறானே’ என்பீர்கள். வீட்டில் திறப்பது காலிப் பெட்டியை. சூடாகப் போட்டு உடனே மூடினால் உள்ளே ஆவி நிறைந்திருக்கும். ஆறும்போது அது தண்ணீராகி, உள்ளே காற்றழுத்தம் குறைந்து, மூடி உள்பக்கமாக உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். காற்றுப் புகாத ரப்பர் வளையம் வைத்த பெட்டிகளில் இது அதிகம். பெரியவர்கள் விரலுக்கு அது ஒன்றுமில்லை, ஐந்து வயது விரலுக்குப் பாறை. சில குழந்தைகள் டீச்சரிடம் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, திறந்த மட்டும் சாப்பிட்டுவிட்டு மூடிவிடுவார்கள்.

ஒரு விடுமுறை நாளில் சோதித்துப் பாருங்கள். காலையில் வழக்கம்போலக் கட்டி, பையில் வைத்து, நாலு மணி நேரம் கழித்து அவனையே எடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். நீங்கள் கை வைக்கக் கூடாது. பையின் ஜிப், உறையின் ஜிப், பெட்டியின் கிளிப், உள்ளே சின்ன டப்பா, தண்ணீர் பாட்டில் மூடி என்று எண்ணினால் ஐந்து தடைகள் இருக்கும். எதில் மாட்டுகிறானோ அதை மாற்றுங்கள். சாப்பாட்டைச் சில நிமிடம் ஆறவிட்டு மூடினால் உறிஞ்சல் குறையும். மூடியில் அழுத்தத்தை விடுவிக்கும் சின்ன ரப்பர் குமிழ் உள்ள பெட்டி என்றால், அதைத் தூக்கிவிடக் கற்றுக்கொடுங்கள்.

அடுத்தது நேரம். சாப்பிட 20 நிமிடம் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், கை கழுவி, உட்கார்ந்து, திறப்பதற்கே ஐந்து நிமிடம் போய்விடும். மீதி 15 நிமிடம், சுற்றிலும் நண்பர்கள். வீட்டில் ஊட்டிவிட்டும் கதை சொல்லியும் முக்கால் மணி நேரம் சாப்பிடும் குழந்தைக்கு இது போதவே போதாது. வீட்டில் சாப்பிடுவதில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் வையுங்கள். மாலையில் வந்ததும் மீதியை ஈடுகட்டலாம். முதல் இரண்டு வாரம் புதுப் பண்டம் எதுவும் வேண்டாம். திராட்சை போன்ற உருண்டையான, வழுக்கும் பழங்களை ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு முழுதாகக் கொடுக்காதீர்கள். நீளவாக்கில் நான்காக வெட்டி வையுங்கள். தொண்டையில் சிக்கி மூச்சை அடைக்கக்கூடிய வடிவம் அது.

பாட்டில் ஒழுகிப் பை நனைகிறது என்று வேறு சிலரும் எழுதியிருக்கிறார்கள். பாட்டிலில் குறை இருப்பது அபூர்வம். கழுவும்போது மூடிக்குள் இருக்கும் வாஷர் கழன்று, திரும்பப் போடும்போது தலைகீழாகவோ மடிந்தோ உட்கார்ந்திருக்கும். நிரப்பியதும் கவிழ்த்து, பத்து எண்ணிவிட்டுப் பையில் வையுங்கள்.

ஐந்து வயது மகன். மலம் கழித்தால் இன்னும் நாங்கள்தான் சுத்தம் செய்துவிடுகிறோம். பள்ளியில் மாலைவரை அடக்கிக்கொள்வானோ என்று பயமாக இருக்கிறது.

பயத்தில் நியாயம் இருக்கிறது. அடக்க அடக்க மலம் இறுகும். இறுகியதைக் கழிக்க வலிக்கும். வலிக்குப் பயந்து இன்னும் அடக்குவான். இறுகியதைச் சுற்றி நீர்த்த மலம் கசிந்து உள்ளாடையில் கறைபடும்போது, பெற்றோர் அதை அலட்சியம் என்று திட்டுவார்கள். அது மலச்சிக்கலின் அறிகுறி. தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரை அடக்கினாலும் கிருமித் தொற்று வரலாம்.

மூன்று வாரத்தில் பழக்கிவிடலாம், கடைசி வேலையிலிருந்து தொடங்கி. முதல் சில நாள் எல்லாவற்றையும் நீங்கள் செய்து, கடைசி வேலையை மட்டும் அவனிடம் விடுங்கள்: தண்ணீர் ஊற்றிவிடுவது அல்லது ஃப்ளஷ் அழுத்துவது, கை கழுவுவது. அடுத்து, டிரவுசரை மேலே ஏற்றுவது. அதற்கடுத்து, நீங்கள் முதலில் சுத்தம் செய்து, இறுதி முறையை அவன் செய்வது. பிறகு முழுவதும் அவன், நீங்கள் சரிபார்ப்பது மட்டும். இப்படிப் போனால் ஒவ்வொரு முறையும் அவன் கையால்தான் வேலை முடியும். அதில் ஒரு பெருமை உண்டு. முன்னிருந்து பின்னாகத் துடைக்கவும் கழுவவும் வேண்டும் என்பதைப் பெண் குழந்தைகளுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். கை கழுவுவது சோப்போடு 20 நொடி. ஒன்றிலிருந்து இருபதுவரை மெதுவாக எண்ணச் சொன்னால் எண்ணும் பழகும்.

பட்டன், கொக்கி, பெல்ட் எல்லாம் முதல் வருடத்துக்கு வேண்டாம். இடுப்பில் எலாஸ்டிக் போதும். வீட்டுக் கழிப்பறை ஒரு வகை, பள்ளியில் வேறு வகை என்றால், முன்பே போய்க் காட்டுங்கள். உள்தாழ்ப்பாள் போட்டுத் திறக்கவும் பழக்க வேண்டும். மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தாலேயே போகாத குழந்தைகள் உண்டு. வீட்டில் நீங்கள் புழங்கும் செல்லச் சொல் டீச்சருக்குப் புரியாது. ‘டாய்லெட் போகணும்’ என்று சொல்லப் பழக்குங்கள். காலைச் சாப்பாடு முடிந்ததும் குடல் தானாகவே அசையத் தொடங்கும். அப்போது 5 முதல் 10 நிமிடம் உட்கார வையுங்கள். மேலைநாட்டு வகைக் கழிப்பறை என்றால் கால் தொங்கக் கூடாது, ஒரு முக்காலி போடுங்கள். பையின் அடியில் ஒரு மாற்று உள்ளாடை, டிரவுசர், மூடக்கூடிய ஒரு கவர் இருக்கட்டும். அது அங்கே இருப்பது அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பை எவ்வளவு கனம் இருக்கலாம்?

குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கு. எவ்வளவு போனாலும் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 16 கிலோ குழந்தைக்கு 1.6 கிலோ. காலிப் பையே அரைக் கிலோ இருக்கும். அரை லிட்டர் தண்ணீர் அரைக் கிலோ, பாட்டில் ஒரு 150 கிராம், சாப்பாட்டுப் பெட்டி 400 கிராம். கூட்டிப் பாருங்கள், 1,550 கிராம் வந்துவிட்டது. ஒரு நோட்டு கூட இன்னும் வைக்கவில்லை. ஆகவே வாங்கும்போது பையைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். படம் எது என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும், கனத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள். பள்ளியில் குடிதண்ணீர் நல்லதாக இருந்தால் பாட்டிலைப் பாதி நிரப்பினால் போதும். பை முதுகைவிட அகலமாக இருக்கக் கூடாது, இரண்டு தோளிலும் மாட்ட வேண்டும், கனமானது முதுகை ஒட்டி இருக்க வேண்டும்.

பெயரைப் பையின் உள்பக்கம் எழுதுங்கள். வெளியே பெரிதாக எழுதினால், முன்பின் தெரியாதவர்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும்.

முதல் வகுப்புக்குப் போகும் முன் எல்லா எழுத்தும் எழுதத் தெரிந்திருக்க வேண்டுமா? பக்கத்து வீட்டுக் குழந்தை வாக்கியமே எழுதுகிறது.

வேண்டியதில்லை. எழுதக் கற்றுக்கொடுப்பது பள்ளியின் வேலை. தன் பெயரைப் பார்த்து அடையாளம் காணத் தெரிந்தால் நல்லது. தன் பையையும் நோட்டையும் தானே எடுத்துக்கொள்ளும். தினமும் 15 நிமிடம் கதை வாசித்துக் காட்டுங்கள். பெயர்களை அசை அசையாகக் கைதட்டிச் சொல்லி விளையாடுங்கள். ஒலிகளைப் பிரித்துக் கேட்கும் காதுதான் பின்னால் வாசிக்கப் போகிறது.

விரல்களுக்கு வேலை கொடுப்பதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மாவு பிசைவது, காகிதம் கிழிப்பது, கத்தரிக்கோலால் கோட்டின் மேல் வெட்டுவது. பென்சிலை முஷ்டியாகப் பிடிக்கிறதா? ‘சரியாப் பிடி’ என்று நூறு தடவை சொல்வதைவிட, கிரேயானை மூன்று, நாலு சென்டிமீட்டர் துண்டுகளாக உடைத்துக் கொடுங்கள். அவ்வளவு சின்னத் துண்டை முஷ்டியால் பிடிக்கவே முடியாது. மூன்று விரல்கள் தானாகக் கூடும். இடது கையால் எழுதும் குழந்தையை மாற்றாதீர்கள். காகிதத்தைக் கடிகாரம் சுற்றும் திசையில் கொஞ்சம் சாய்த்து வைத்து, பென்சிலை முனையிலிருந்து இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மேலே பிடிக்கச் சொன்னால், எழுதியது கையால் மறையாது.

எழுத்தைவிட அவசரமானது கண். ஒரு கண்ணில் மட்டும் பார்வை மந்தமாக இருந்தால் குழந்தைக்கே தெரியாது. இன்னொரு கண் சமாளித்துவிடும். சோம்பல் கண் என்கிற இந்தக் குறைக்குச் சின்ன வயதில், குறிப்பாக 7 வயதுக்குள், சிகிச்சை நன்றாகப் பலிக்கும். பள்ளி திறக்கும் முன் ஒருமுறை கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள்.

பள்ளியில் ‘தங்கமான குழந்தை’ என்கிறார்கள். வீட்டு வாசலை மிதித்ததும் செருப்பை வீசுகிறாள், ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்துகிறாள். என்ன கோளாறு?

கோளாறு இல்லை. ஆறேழு மணி நேரம் வரிசையில் நின்று, வாயை அடக்கி, முறைக்காகக் காத்திருந்த களைப்பு அது. எங்கே கொட்டினாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்த இடத்தில் கொட்டுகிறாள். கூடவே பசி, தாகம். வாசலிலேயே ‘இன்னைக்கு என்ன சொல்லிக்கொடுத்தாங்க, சாப்பிட்டியா, யார்கூட சண்டை?’ என்று அடுக்காதீர்கள். தண்ணீரும் தின்ன ஏதாவதும் கொடுத்து, அரை மணி நேரம் கேள்வியே இல்லாமல் விடுங்கள். பாட்டு வகுப்பு, டியூஷன் எதையும் முதல் மாதம் சேர்க்க வேண்டாம். பிறகு கேட்கும்போது ‘ஸ்கூல் எப்படி இருந்தது?’ என்றால் ‘ம்’ என்றுதான் பதில் வரும். ‘இன்னைக்குப் பக்கத்துல யாரு உக்காந்தா? யாருக்காவது அழுகை வந்துச்சா?’ என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் வாயாடி, பள்ளியில் ஒரு வார்த்தை பேசுவதில்லையாம். சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது.

முதல் மாதம் காத்திருங்கள். எல்லார் முன்னாலும் ‘பேசு, பேசு’ என்று தூண்ட வேண்டாம் என்று ஆசிரியரிடமும் சொல்லுங்கள். தலையாட்டினால், கையால் காட்டினால் போதும். வகுப்பில் உள்ள ஒரு குழந்தையை மட்டும் வீட்டுக்கு விளையாட அழையுங்கள். மாதம் தாண்டியும் மௌனம் நீடித்தால் குழந்தை மனநல ஆலோசகரைப் பாருங்கள். ‘வெட்கம், தானாகச் சரியாகிவிடும்’ என்று வருடக்கணக்கில் விட்டுவிடக் கூடாத ஒன்று இது.

ஷூவைத் தினமும் வலது இடது மாற்றிப் போடுகிறான்.

ஒரு வட்ட ஸ்டிக்கரை நடுவில் வெட்டி, ஒரு பாதியை இடது ஷூவுக்குள்ளும் மறுபாதியை வலது ஷூவுக்குள்ளும், உள்ஓரத்தில் ஒட்டுங்கள். சரியான பக்கம் வைத்தால் படம் முழுசாகச் சேரும். ஷூ வாங்குவது மாலையில் இருக்கட்டும், நாள் முழுக்க நடந்து பாதம் கொஞ்சம் பெருத்திருக்கும். சாக்ஸோடு நிற்க வைத்து, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். கயிறு கட்ட 5, 6 வயதாகும், அதுவரை வெல்க்ரோ. முதல் நாளே புது ஷூவைப் போட்டு அனுப்பினால் குதிகாலில் கொப்புளம் வரும். ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் போட்டுப் பழகட்டும். ஸ்டிக்கரை விரல் பக்கம் ஒட்டினால் வியர்வையில் உரிந்துவிடும். குதிகால் பக்கம் ஒட்டி, மேலே செல்லோடேப் போட்டுவிடுங்கள்.